டெஸ்க்டாப் மென்பொருளுக்கு எந்த சார்ட் லைப்ரரி? 16 சேனல், 8 மணி நேரம், தமிழ் எழுத்தும் வேண்டும்

பாயான்வாசி:

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். இந்தப் பிரிவில் நாங்கள் இருவர்தான். பிறையில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு பவர் சப்ளை பர்ன்-இன் (நீண்ட நேரம் ஓடவிட்டுப் பழுது தேடும்) சோதனைக்கான மென்பொருள் செய்து தர வேண்டும். 16 சேனல், ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 1000 சாம்பிள் (அளவீடு), ஒரு சோதனை 8 மணி நேரம் ஓடும். ஓடும்போதே திரையில் அலை தெரிய வேண்டும். முடிந்த பிறகு முழுச் சோதனையையும் திறந்து, எந்த இடத்தையும் பெரிதாக்கிப் பார்க்க முடிய வேண்டும்.

இப்போது இருப்பது சி ஷார்ப் மொழி, விண்டோஸ் சாளரங்கள் செய்யும் விண்ஃபார்ம்ஸ், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. மைக்ரோசாஃப்டின் பழைய சார்ட் கண்ட்ரோலை வைத்து ஒரு மாதிரி செய்து பார்த்தோம். சில நிமிடங்களிலேயே திணற ஆரம்பித்துவிட்டது. புதிய டாட்நெட்டுக்கு மாறும் எண்ணமும் உண்டு, அங்கே அந்தக் கண்ட்ரோல் கூடவே வருவதும் இல்லை. சோதனை நிலையங்களில் இணையம் கிடையாது.

இன்னொன்று. இதே சார்ட் பகுதியை வைத்து, ஒரு தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்துக்கு வெப்பநிலை பதிவு செய்யும் சின்ன மென்பொருள் ஒன்றைச் சேவையாகச் செய்து தர ஒத்துக்கொண்டிருக்கிறோம். அதில் அச்சுப் பெயர்கள், குறிப்புகள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் பட்டியலுக்குக் குறைவில்லை. ஸ்காட்பிளாட், ஆக்ஸிபிளாட், லைவ்சார்ட்ஸ், சைசார்ட், லைட்னிங்சார்ட், கியூட்டி, ஈசார்ட்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கிறது. பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், எதில் இறங்கலாம்?

செந்தூல் நிரலி:

நான் கோலாலம்பூரில் ஒரு தளவாட நிறுவனத்துக்கு இதே மாதிரி ஒன்று செய்தேன். விண்ஃபார்ம்ஸ் சாளரத்துக்குள் வெப்வியூ2 (மென்பொருளுக்குள் வலைப் பக்கம் காட்டும் மைக்ரோசாஃப்ட் கூறு) வைத்து, அதற்குள் ஈசார்ட்ஸ். அழகு, நெகிழ்வு, எடுத்துக்காட்டுகள் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வலைப் பக்கத்து லைப்ரரிகள் முன்னால் நிற்கின்றன. ஈசார்ட்ஸ் அப்பாச்சி 2.0 லைசென்ஸ், வணிகத்துக்குத் தடையில்லை. பைடுவில் பிறந்து இப்போது அப்பாச்சி அறக்கட்டளையில் இருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் வெப்வியூ2-இன் நிலைப்பதிப்பை உங்கள் நிறுவியோடு சேர்த்தே கொடுத்துவிடலாம். விண்டோஸ் 11 என்றால் அது ஏற்கெனவே இருக்கும்.

தமிழும் இங்கே கவலையே இல்லை. உலாவி எஞ்சின் தமிழை ஒழுங்காகவே வரையும்.

ஆனால் தம்பி, வினாடிக்கு 16,000 புள்ளிகளை சி ஷார்ப் பக்கத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்கு ஜேசான் என்ற எழுத்து வடிவில் ஒவ்வொன்றாக அனுப்ப நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். எண்ணை எழுத்தாக்கி, அனுப்பி, மறுபடி எண்ணாக்கும் வேலையே இயந்திரத்தின் நேரத்தைத் தின்றுவிடும். எனக்கு நிமிடத்துக்குச் சில புள்ளிகள்தான், அதனால் பொருந்தியது.

பிறைக்காரன்:

தம்பி, லைப்ரரி பெயருக்கு வருவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 16 × 1000 × 3600 என்றால் மணிக்கு 5 கோடியே 76 லட்சம் புள்ளிகள். எட்டு மணி நேரத்துக்கு 46 கோடியே 8 லட்சம். ஒவ்வொன்றையும் 4 பைட்டில் வைத்தாலே 1.8 ஜிபியைத் தாண்டும். டபுள் (8 பைட் எண்) ஆக வைத்தால் 3.7 ஜிபி. நேரத்தையும் மதிப்பையும் ஜோடியாக டபுளில் வைக்கும் லைப்ரரி என்றால் அதற்கும் இரு மடங்கு. இதை அப்படியே லைப்ரரியிடம் கொடுத்து வரையச் சொல்வது சாதாரணக் கணினிக்குப் பெரிய சுமை. 

அதனால் முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பர்ன்-இன் சோதனையில் அவர்கள் தேடுவது எதை? மெதுவாக மாறும் போக்கையா, அல்லது ஓரிரு மில்லி வினாடிக்கு மின்னழுத்தம் விழுந்து எழும் சறுக்கலையா? அப்புறம், திரையில் ஓடும்போது எவ்வளவு நேர அலை தெரிய வேண்டும்?

பாயான்வாசி:

சறுக்கல்தான், அண்ணே. 12 வோல்ட் வரியில் 2 மில்லி வினாடி விழுந்தாலும் அது கண்ணில் பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஓடும்போது கடைசி 30 வினாடி தெரிந்தால் போதும்.

பிறைக்காரன்:

அப்படியென்றால் பாதி முடிவு வந்துவிட்டது.

உங்கள் திரையில் சார்ட் பகுதி அகலம் 1500 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்தை அதில் அடக்கினால் ஒரு சேனலின் 2 கோடியே 88 லட்சம் சாம்பிள், 1500 நெடுவரிசைகளில் உட்கார வேண்டும். ஒரு பிக்சல் நெடுவரிசைக்கு 19,200 சாம்பிள். அந்த 19,200-இலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டியது இரண்டே எண்கள்: மிகக் குறைந்தது, மிக அதிகமானது. அந்த இரண்டுக்கும் இடையே ஒரு செங்குத்துக் கோடு போட்டால், எல்லாப் புள்ளிகளையும் வரைந்தால் என்ன தெரியுமோ ஏறக்குறைய அதே படம் கிடைக்கும். சேனலுக்கு 3000 எண், 16 சேனலுக்கு 48,000. எந்தச் சாதாரணக் கணினியும் இதை வரைந்துவிடும்.

இங்கே பலர் சராசரி எடுப்பார்கள். உங்கள் வேலைக்கு அது நஞ்சு. ஒரு வினாடிக்கு 1000 சாம்பிள் வருகிறது, அதில் 2 சாம்பிள் மட்டும் 12 வோல்ட்டிலிருந்து 9-க்கு விழுந்தது என்றால், அந்த வினாடியின் சராசரி 11.994. திரையில் நேர்கோடு மாதிரிதான் தெரியும். வாடிக்கையாளர் எதற்காகக் காசு கொடுத்தாரோ அதையே படம் மறைத்துவிடும். சிறுமம், பெருமம் இரண்டையும் வைத்திருந்தால் அந்த 9 தப்பவே முடியாது.

எல்டிடிபி என்ற முறையையும் நிறைய இடங்களில் பார்ப்பீர்கள். ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2013-இல் வந்த ஒரு முதுகலை ஆய்விலிருந்து பரவியது. ஒவ்வொரு பிரிவிலும் பெரிய முக்கோணத்தை உண்டாக்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கும். கோட்டின் தோற்றத்தை நன்றாகவே காப்பாற்றும். அறிக்கைகளுக்கும் வலைப் பக்கங்களுக்கும் நான் விரும்பிப் பயன்படுத்துவேன். ஆனால் பிரிவுக்கு ஒரே புள்ளிதான் என்பதால், ஒரே பிரிவில் மேலே ஒரு முள், கீழே ஒரு முள் இருந்தால் ஒன்று போய்விடும். பழுது தேடும் சோதனையில் அதை நம்பி இறங்காதீர்கள்.

இப்போது ஸ்காட்பிளாட். அதில் சிக்னல் என்றொரு வகை உண்டு. சம இடைவெளியில் வரும் தரவுக்கென்றே செய்தது. நேரத்தைத் தனியாகச் சேமிப்பதே இல்லை, தொடக்கமும் இடைவெளியும் மட்டும் போதும். புள்ளிகள் நெருக்கமாகிவிட்டால் நான் மேலே சொன்ன அதே நெடுவரிசை முறையில் தானாகவே வரையும். மாறாத தரவுக்கு சிக்னல்கான்ஸ்ட் என்ற இன்னொரு வகை, முன்கூட்டியே ஒரு மரம் கட்டி வைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போகும். எம்ஐடி லைசென்ஸ், விற்கும் பொருளிலும் இலவசமாகச் சேர்க்கலாம். திரை அமைக்கும் தொகுப்புகளான விண்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், அவலோனியா மூன்றுக்கும் கண்ட்ரோல் உண்டு. உங்கள் பழைய ஃபிரேம்வொர்க்கிலும் ஓடும், புதிய டாட்நெட்டிலும் ஓடும். உங்கள் நிலைமைக்கு நான் கை வைப்பது அதில்தான்.

தஞ்சோங் ஆள்:

எல்லோரும் இலவசத்திலேயே நிற்கிறீர்கள். சைசார்ட், லைட்னிங்சார்ட் இரண்டும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. கிராஃபிக்ஸ் அட்டையை வைத்து வரைகின்றன. லட்சக்கணக்கான புள்ளிகளை ஓடவிட்டுப் பெரிதாக்கினால்கூட கை நழுவாமல் நகரும். சிக்கல் வந்தால் மின்னஞ்சல் அனுப்பினால் பதில் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. இருவர் மட்டுமே உள்ள குழுவுக்கு இந்த ஆதரவின் மதிப்பு பெரியது. உங்கள் இருவரின் ஒரு மாதச் சம்பளத்தோடு லைசென்ஸ் விலையை வைத்துப் பாருங்கள். லைப்ரரியோடு மல்லுக்கட்டிப் போகும் நேரமும் காசுதான்.

பிறைக்காரன்:

தஞ்சோங் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வினாடிக்கு 10 லட்சம் சாம்பிள், 64 சேனல், அலைக்கற்றையின் நீர்வீழ்ச்சிப் படம் என்று கேட்டிருந்தால் நானும் அங்கேதான் அனுப்பியிருப்பேன். இங்கே திரையில் ஓடுவது 30 வினாடி அலை, அதாவது 16 × 30,000 = 4,80,000 புள்ளிகள். சிக்னல் வகைக்கு இது பெரிய சுமை இல்லை.

கட்டண லைப்ரரி எடுப்பதென்றால் லைசென்ஸ் நிரலர் தலைக்கு ஒன்று என்பதையும், புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்பு கிடைக்காது என்பதையும் ஒப்பந்த விலையில் சேர்த்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து வாடிக்கையாளர் "ஒரு பொத்தான் சேர்த்துத் தாருங்கள்" என்பார், அன்றைக்கு உங்களிடம் உயிருள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் அட்டை வழி போகிற எல்லோருக்கும் இன்னொரு எச்சரிக்கை. அட்டைக்குப் போகும் எண்கள் பெரும்பாலும் 32 பிட் ஃப்ளோட் (4 பைட் தசம எண்). 1970-இலிருந்து எண்ணும் வினாடிக் கணக்கு இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த உயரத்தில் 32 பிட் ஃப்ளோட்டில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 128 வினாடி இடைவெளி. நேரத்தை அப்படியே ஃப்ளோட்டில் போட்டால் இரண்டு நிமிடத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, அலை படிக்கட்டு மாதிரி நிற்கும். நல்ல லைப்ரரி இதை உள்ளேயே கையாளும். நீங்களே ஷேடர் (அட்டையில் ஓடும் நிரல்) எழுதினால், சோதனை தொடங்கிய கணத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்புங்கள்.

பைத்தான் பக்கத்து ஆள்:

சி ஷார்ப்பில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? சோதனைப் பொறியாளர்கள் பலருக்கும் பைத்தான் தெரியும், பிறகு அவர்களே திருத்திக்கொள்வார்கள். பைகியூட்டிகிராஃப் எம்ஐடி லைசென்ஸ், பைத்தானின் எண் தொகுப்பான நம்பை வரிசையை அப்படியே வாங்கிக்கொள்ளும். தானாகப் புள்ளி குறைக்கும் வசதியில் பீக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் அண்ணன் சொன்ன சிறுமம்-பெருமம் வேலையை அதுவே செய்யும். திரையில் தெரியும் பகுதியை மட்டும் வரையச் சொல்லும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: கோட்டின் தடிமனை 1 பிக்சலுக்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்கு அடித்தளமான கியூட்டியில் 1 பிக்சல் கோட்டுக்கு வேகமான வழி இருக்கிறது. 2 ஆக்கினால் ஒவ்வொரு இணைப்பையும் வடிவமாகக் கணக்கிட ஆரம்பித்து வேகம் படுத்துவிடும். "நேற்று வேகமாக ஓடியது, இன்று ஓடவில்லை" என்று வருகிற கேள்விகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மேட்பிளாட்லிப் பற்றி யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் மூளை அலைகளைப் பார்ப்பதற்காகத் தொடங்கியது, 2003-இல் வெளிவந்தது. கட்டுரைக்கும் அறிக்கைக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை. நேரலையில் ஓடும் அலைக்கு அது தோதுப்படாது.

செந்தூல் நிரலி:

கியூட்டி பக்கம் போகிறவர்கள் லைசென்ஸை ஒரு முறை நின்று படித்துவிட்டுப் போங்கள், இதில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கியூட்டியின் முக்கியப் பகுதிகள் எல்ஜிபிஎல் (உங்கள் மூலநிரலைக் கொடுக்காமலே நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம்), ஆனால் கியூட்டி சார்ட்ஸ் பகுதி எல்ஜிபிஎல் கிடையாது. ஜிபிஎல் அல்லது கட்டணம். கியூகஸ்டம்பிளாட்டும் அப்படியே. வாடிக்கையாளருக்கு மூலநிரலைக் கொடுக்கத் தயாராக இல்லை என்றால் இரண்டையும் இலவசமாக எடுக்க முடியாது. சி பிளஸ் பிளஸ் ஆட்களுக்கு கியூடபிள்யூடி என்ற பழைய லைப்ரரி எல்ஜிபிஎல் வழியில் விலக்குகளோடு கிடைக்கிறது.

பைத்தானிலும் இதே கதை. பைகியூட்டி ஜிபிஎல் அல்லது கட்டணம், பைசைட் எல்ஜிபிஎல். பைகியூட்டிகிராஃப் இரண்டோடும் வேலை செய்யும். அதனால் விற்கப் போகிற பொருளுக்கு பைசைட் பக்கம் நில்லுங்கள். பெயரைப் பார்த்து பைகியூட்டிதான் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பாயான்வாசி:

அக்கா, இது எனக்குத் தெரியாது. நன்றி. கருவியிலிருந்து தரவு எடுக்கும் பகுதி எங்களிடம் ஏற்கெனவே சி ஷார்ப்பில் சோதித்து முடிந்து இருக்கிறது, அதனால் பைத்தானுக்கு மாற முடியாது. தமிழ் விஷயம் யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லையே?

சுங்கை பாக்காப்:

தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாடக் கருவிகள் செய்து கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், இது என் பகுதி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் முதல் முறையாக ஒரு வரைபடத்தைப் பார்த்துப் படிக்கும்போது, அதில் தமிழ் உடைந்து கிடந்தால் "கணினிக்குத் தமிழ் வராது" என்றுதான் மனத்தில் பதியும். அதனால் இதை அலங்கார வேலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெப்பநிலை என்ற சொல்லை எடுங்கள். கோப்பில் முதலில் வ இருக்கும், அதற்குப் பிறகு எகரக் கொம்பு இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தையும், ழு, மு, டு போன்ற எழுத்துகளுக்குச் சரியான வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுப்பதையும் செய்வது ஷேப்பிங் என்ற அடுக்கு. பெரும்பாலான உலாவிகளுக்கும் கியூட்டிக்கும் உள்ளே ஹார்ஃப்பஸ் என்ற எஞ்சின் இருந்து இந்த வேலையைச் செய்கிறது. விண்டோஸின் சாதாரண லேபிள்களும் டபிள்யூபிஎஃப்-இன் டெக்ஸ்ட்பிளாக்கும் விண்டோஸின் சொந்த எஞ்சின் வழியே சரியாக வரையும்.

சிக்கல் ஸ்கியா என்ற வரைகலை எஞ்சினில். ஸ்காட்பிளாட் 5, லைவ்சார்ட்ஸ் 2 இரண்டும் அதன் சி ஷார்ப் இணைப்பான ஸ்கியாஷார்ப் மேல் நிற்பவை. ஸ்கியாவிடம் ஒரு சரத்தைக் கொடுத்து நேரடியாக வரையச் சொன்னால் அது எழுத்துக்கு ஒரு வடிவமாக எடுத்து வரிசையாக அடுக்கும், ஷேப்பிங் செய்யாது. அதற்கு ஹார்ஃப்பஸ் இணைப்பை மேலே இருக்கும் லைப்ரரிதான் கூப்பிட வேண்டும். அதனால் நீங்கள் எடுக்கும் பதிப்பில் அது நடக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். "தமிழ்" என்ற சொல்லை மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஷேப்பிங் இல்லாமலும் அது ஓரளவு சரியாகத் தெரிந்துவிடும். வெப்பநிலை, கொதிநிலை, நேரம், மின்னழுத்தம் இந்த நான்கையும் போடுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இருபுறம் வரும் ஒகரம், ஐகாரம், உகர வடிவம் எல்லாம் அதில் வந்துவிடும். கொம்பு எங்காவது எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் ஷேப்பிங் நடக்கவில்லை என்று பொருள்.

எழுத்துரு விஷயத்தில், விண்டோஸ் 10-இலிருந்து லதா கூடவே வரும் என்று நம்பாதீர்கள், அது தமிழ் துணை எழுத்துருத் தொகுப்பில் போய்விட்டது. நிர்மலா யூஐ எல்லாக் கணினியிலும் இருக்கும். அல்லது நோட்டோ சான்ஸ் தமிழை மென்பொருளோடு சேர்த்தே கொடுங்கள், அதன் லைசென்ஸ் அனுமதிக்கிறது.

டபிள்யூபிஎஃப்-இல் செய்வதானால் ஆக்ஸிபிளாட் உங்களுக்கு எளிது. எழுத்தை டெக்ஸ்ட்பிளாக்காகவே போடுவதால் தமிழ் அப்படியே வரும். பள்ளிக்கூட வெப்பநிலைக்குப் பத்து வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் வேகம் ஒரு கேள்வியே இல்லை.

பாயான்வாசி:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! ஆனால் இரண்டு மென்பொருளுக்கும் இரண்டு லைப்ரரி என்றால் எங்கள் இருவருக்கும் பராமரிப்பு கூடுமே?

சுங்கை பாக்காப்:

ஒன்றே வேண்டும் என்றால் வழி இருக்கிறது. அச்சுப் பெயர், தலைப்பு, வண்ணக் குறிப்புப் பெட்டி மூன்றையும் சார்ட்டுக்குள் போடாதீர்கள். சார்ட்டைச் சுற்றிச் சாதாரண விண்ஃபார்ம்ஸ் லேபிள்களாக வையுங்கள். சார்ட்டுக்குள் எண்கள் மட்டும். எண்களுக்கு ஷேப்பிங் தேவையில்லை. பிள்ளைகள் சேனலுக்கு "தண்ணீர்", "மணல்" என்று பெயர் மாற்றினாலும் லேபிள் சரியாகவே காட்டும். செங்குத்து அச்சின் பெயரைச் சாய்த்து எழுத வேண்டாம், மேலே இடது மூலையில் படுக்கையாகவே வையுங்கள். தமிழைத் தலை சாய்த்துப் படிப்பது பிள்ளைகளுக்குச் சிரமம்.

தர ஆய்வாளர் ஜே:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் நிரலர் இல்லை, தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் வாடிக்கையாளர் இன்று அலை மட்டும் கேட்கிறார், மென்பொருள் ஓட ஆரம்பித்ததும் கட்டுப்பாட்டு வரைபடம் கேட்பார். பெல் தொலைபேசிக் குழுமத்தில் ஷூவார்ட் 1924-இல் வரைந்து காட்டியதிலிருந்து இன்று வரை எங்கள் ஆட்கள் அதை விடவில்லை. நடுக்கோடு, மேல் வரம்பு, கீழ் வரம்பு, வரம்பு தாண்டிய புள்ளிக்கு வேறு நிறம், கூடவே ஒரு ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்ற பட்டைப் படம்). இதெல்லாம் வரையக்கூடியதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். வரம்பு தாண்டியதை நிறத்தால் மட்டும் காட்ட வேண்டாம், வடிவத்தையும் மாற்றுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கிறார்கள். அறிக்கை கறுப்பு வெள்ளையில் அச்சாவதும் உண்டு.

பிறைக்காரன்:

நல்ல குறிப்பு. கிடைக்கோடு, குறி, ஹிஸ்டோகிராம் மூன்றும் இங்கே பேசிய எல்லா லைப்ரரியிலும் வரையலாம். வரம்புகளைக் கணக்கிடுவதை மட்டும் லைப்ரரியிடம் விடாமல் உங்கள் நிரலில் வையுங்கள், தணிக்கைக்கு வருகிறவர் சூத்திரத்தைக் காட்டச் சொல்லுவார்.

தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் லைப்ரரிக்கு வெளியே உள்ளவை.

தரவு எடுக்கும் திரெட் (தனியாக ஓடும் நிரல் இழை) ஒவ்வொரு சாம்பிள் வந்தவுடன் திரையைத் தொடக் கூடாது. அது ஒரு வட்டத் தாங்கியில் (நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும் நினைவகப் பகுதி) எழுதிக்கொண்டே போகட்டும், கோப்பிலும் எழுதட்டும். திரைப் பக்கத்தில் ஒரு டைமர் வினாடிக்கு 20 முறை எழுந்து, தாங்கியில் இருப்பதை எடுத்து ஒரே தடவையில் வரையட்டும். கண்ணுக்கு அது போதும். வெப்ப அறை வாசலில் நின்று பார்க்கிற ஆபரேட்டருக்கு 60 முறை வரைவதால் பெரிய பயன் எதுவும் இல்லை. மற்ற லைப்ரரிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் "மாறிவிட்டது" என்று அறிவிக்கும் தொகுப்புகளைக் காட்டும் எடுத்துக்காட்டுகள் நிறைய இருக்கும். பத்துப் புள்ளிக்கு அது அழகு, வினாடிக்கு 16,000-க்கு உயிரை எடுக்கும். ஸ்காட்பிளாட்டில் தரவை வேறு திரெட்டில் மாற்றுவதானால் அதன் ஒத்திசைவுப் பூட்டைப் பிடித்துக்கொண்டே மாற்றுங்கள், இல்லாவிட்டால் வரையும் நடுவில் தரவு நழுவும்.

இரண்டாவது, 8 மணி நேரக் கோப்பு. எழுதும்போதே ஒவ்வொரு வினாடிக்கும் சேனலுக்கு ஒரு சிறுமம், ஒரு பெருமம் என்று தனிக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். முழுச் சோதனைக்கு சேனலுக்கு 28,800 ஜோடிதான். திறந்தவுடன் அதைக் காட்டுங்கள், கண் இமைப்பதற்குள் வந்துவிடும். பயனர் ஓரிரு நிமிடம் அளவுக்குப் பெரிதாக்கிய பிறகு மட்டும் மூலக் கோப்பிலிருந்து அந்தத் துண்டைப் படியுங்கள். சம இடைவெளிச் சாம்பிள் என்பதால் எந்த பைட்டில் தொடங்க வேண்டும் என்பது வெறும் பெருக்கல். 2 ஜிபியையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டிய தேவையே வராது. இந்த ஒரு ஏற்பாட்டைச் செய்தால் எந்த லைப்ரரி எடுத்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள். இது இல்லாமல் எதை எடுத்தாலும் தடுமாறுவீர்கள்.

தஞ்சோங் ஆள்:

இதை நானும் வழிமொழிகிறேன். கட்டண லைப்ரரி எடுத்திருந்தாலும் இந்த இரண்டாவது பகுதியை நீங்களே எழுத வேண்டியிருந்திருக்கும்.

பாயான்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கூட்டாளியோடு உட்கார்ந்து பேசி ஒரு மாதிரி எழுதிப் பார்த்தோம், அதன்படி முடிவு செய்திருக்கிறோம்.

ஸ்காட்பிளாட் எடுக்கிறோம். பிறை அண்ணன் சொன்ன வினாடிக்கு ஒரு ஜோடி முறை எழுதியாகிவிட்டது. வேண்டுமென்றே 2 மில்லி வினாடிச் சறுக்கல் ஒன்றை ஆறாவது மணி நேரத்தில் செருகிப் பார்த்தோம். முழுச் சோதனையைத் திறந்த முதல் பார்வையிலேயே கீழே நீட்டிக்கொண்டு நின்றது. அந்த இடத்தைப் பெரிதாக்கினால் இரண்டு சாம்பிளும் தனித்தனியாகத் தெரிகின்றன. வாடிக்கையாளரின் பொறியாளரிடம் காட்டினோம், இதைத்தான் கேட்டேன் என்றார்.

சார்ட்டை நேராக எங்கும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு இடைமுகம் வைத்து, சேனலைச் சேர், பகுதியைக் காட்டு, வரம்புக்கோடு போடு, படமாகச் சேமி என்று சில செயல்களை மட்டும் வைத்திருக்கிறோம். தஞ்சோங் நண்பர் சொன்ன பக்கம் என்றாவது போக வேண்டி வந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

பள்ளிக்கு, லேபிள்களை வெளியே வைக்கும் வழியையே எடுத்தோம். வெப்பநிலை, கொதிநிலை எல்லாம் கொம்பு இடம் மாறாமல் நிற்கின்றன. ஒரே ஒரு கேள்வி மிச்சம். படமாகச் சேமிக்கும்போது சார்ட் மட்டும்தான் சேமிக்கிறது, வெளியே உள்ள தமிழ் லேபிள்கள் படத்தில் இல்லை. ஆசிரியர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்ட வேண்டும் என்கிறார்.

சுங்கை பாக்காப்:

சார்ட்டையும் லேபிள்களையும் ஒரே பேனலுக்குள் வைத்து, அந்தப் பேனலையே பிட்மேப்பாக வரையச் சொல்லுங்கள், விண்ஃபார்ம்ஸில் எல்லாக் கண்ட்ரோலுக்கும் அந்த வசதி உண்டு. ஆனால் அது திரை அளவிலேயே வரும், சுவரில் ஒட்டும்போது மங்கலாக இருக்கும். ஏ4 தாளில் 300 டிபிஐ என்றால் 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். அதனால் அச்சுக்கு வேறு வழி: வெற்றுப் பிட்மேப் ஒன்றை அந்த அளவில் உருவாக்கி, சார்ட்டை அதற்கேற்ற பெரிய அளவில் படமாக எடுத்து அதில் ஒட்டுங்கள். பிறகு தலைப்பையும் அச்சுப் பெயர்களையும் விண்டோஸின் எழுத்து வரையும் செயலை வைத்து நேரடியாக மேலே எழுதுங்கள். அது விண்டோஸின் எஞ்சின் வழியே போவதால் தமிழ் சரியாக வரும். எழுத்தின் அளவையும் அதே விகிதத்தில் கூட்ட மறக்காதீர்கள், சார்ட்டுக்குள் இருக்கும் எண்களுக்கும் சேர்த்து. கோட்டின் தடிமனை அச்சுக்கு மட்டும் 3 அல்லது 4 பிக்சல் ஆக்குங்கள், ஒரே ஒரு முறை வரைவதுதான், வேகம் இங்கே பொருட்டில்லை.

பாயான்வாசி:

செய்து பார்த்தேன், வந்துவிட்டது. எண்களின் அளவை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அந்த அச்சுப் பகுதியின் நிரலைத் துப்புரவாக்கி இந்த வார இறுதிக்குள் இங்கேயே போடுகிறேன், வேறு தமிழ்ப்பள்ளிகளுக்குச் செய்கிறவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.